இரட்டைக் கண்ணாடி ஜன்னலும் அதன் ஸ்பேசரும்: கும்பகோணம் பக்கத்து வீடொன்றிலிருந்து ஒரு மதிப்புரை

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரத்தில் வீடு கட்டுபவர்களிடம் யுபிவிசி என்னும் கடினப் பிளாஸ்டிக் சட்ட ஜன்னல் விற்க வருகிறவர்கள் இப்போது ஸ்பேசரைப் பற்றித் தவறாமல் பேசுகிறார்கள். வெறும் இரட்டைக் கண்ணாடி போட்டால் போதாது, கண்ணாடியின் ஓரத்தில் வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும் 'வாம் எட்ஜ்' ஸ்பேசர் இருக்க வேண்டும், அது இருந்தால் ஏசிக்கு ஆகும் மின்சாரம் வெகுவாகக் குறையும் என்பது அவர்கள் சொல்வது. எங்கள் வீட்டு மாடியில் மேற்குப் பார்த்த இரண்டு படுக்கையறைகள் உள்ளன. இரண்டிலும் ஒரே யுபிவிசி சட்டம், ஒரே அளவு, ஒரே வகைக் கண்ணாடி. முதலில் கட்டிய அறையில் அலுமினிய ஸ்பேசரும், பிறகு நீட்டிக் கட்டிய அறையில் கறுப்பு நிற பிளாஸ்டிக் ஸ்பேசரும் அமைந்தன. அக்கினி நட்சத்திரத்தையும் ஐப்பசி அடைமழையையும் இரண்டு ஜன்னல்களும் பார்த்துவிட்டன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் ஊரில் நல்ல ஸ்பேசருக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம்தான், ஆனால் விற்பவர் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

ஸ்பேசர் என்பது இரண்டு கண்ணாடிகளையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து வைக்கும் மெல்லிய ஓரப்பட்டை. இங்கே கிடைக்கும் பெரும்பாலான ஜன்னல்களில் அது 12 மில்லிமீட்டர் அகலமுள்ள உள்ளீடற்ற அலுமினியக் குழாயாக இருக்கும். குழாய்க்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிரப்பப்பட்டிருக்கும். உட்பக்கத்தில் உள்ள ஊசித்துளைகள் வழியாக அந்த மணிகள் இடைவெளிக் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குழாயின் இரு பக்கங்களும் பியூட்டைல் என்னும் கறுப்புப் பசையால் கண்ணாடியோடு ஒட்டப்படும். அதற்கு வெளியே பாலிசல்பைடு அல்லது சிலிக்கான் இரண்டாவது அடைப்பாக ஊற்றப்படும். நீராவியைத் தடுப்பது பியூட்டைலின் வேலை, கண்ணாடிகளை விலகாமல் பிடித்துக்கொள்வது வெளி அடைப்பின் வேலை. சிலிக்கான் வெயிலை நன்றாகத் தாங்கும் என்றாலும் நீராவியைத் தாராளமாக உள்ளே விடும். ஆகவே "சிலிக்கான் போட்டிருக்கிறோம்" என்று விற்பவர் சொன்னதும் பியூட்டைல் முழுச் சுற்றும் போயிருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

அலுமினியத்தின் மீதுள்ள குறை எளிதில் புரியக்கூடியது. அசையாத காற்றின் வெப்பக் கடத்து எண் சுமார் 0.025, கண்ணாடியினுடையது சுமார் 1, ஸ்பேசர் செய்யப்படும் அலுமினியக் கலவையினுடையது 160 அளவில். இரண்டு கண்ணாடிக்கு நடுவே காற்றை அடைத்து வெப்பத்தை மறித்துவிட்டு, சுற்றிலும் அலுமினியத்தால் ஒரு பாலத்தையும் நாமே கட்டிக்கொடுக்கிறோம். துருப்பிடிக்காத எஃகின் எண் 15 அளவுதான். அதை அலுமினியத்தைவிட மெல்லிய தகடாகவும் மடிக்க முடியும். கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கின் முதுகில் மெல்லிய உலோகத் தாளை ஒட்டிச் செய்யும் ஸ்பேசர்கள் இன்னும் குறைவாகக் கடத்துகின்றன. ஸ்விஸ்பேசர் என்ற பெயரில் விற்பது இந்த வகை. சூப்பர் ஸ்பேசர் என்பது சிலிக்கான் நுரையாலான, வளையக்கூடிய பட்டை. ஈரம் உறிஞ்சும் பொருள் அந்த நுரையிலேயே கலந்திருக்கும். பியூட்டைலையே சூடாக்கி இயந்திரத்தால் கண்ணாடியின் மேல் நேரடியாகப் பிழிந்து விடும் முறையும் உண்டு, ஆனால் நம் பக்கத்துப் பட்டறைகளில் அதற்கான இயந்திரத்தை எதிர்பார்க்க முடியாது.

இனி மின்சாரக் கணக்குக்கு வருவோம். ஸ்பேசர் வழியாகப் போகும் வெப்பம் கண்ணாடியின் பரப்பைப் பொறுத்தது அல்ல, அதன் சுற்றளவைப் பொறுத்தது. யுபிவிசி சட்டத்தில் லோ ஈ பூச்சு (வெப்பக் கதிர்களைத் திருப்பிவிடும் மெல்லிய உலோகப் பூச்சு) உள்ள இரட்டைக் கண்ணாடியும் அலுமினிய ஸ்பேசரும் இருந்தால், ஓரத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 0.08 வாட் என்று, ஜன்னலின் வெப்பக் கடத்தலைக் கணக்கிடுவதற்கான ஐஎஸ்ஓ 10077 தரநிலையின் அட்டவணை எடுத்துக்கொள்கிறது. மேம்பட்ட ஸ்பேசருக்கு அதே அட்டவணை 0.06 கொடுக்கிறது, நல்ல பிளாஸ்டிக் ஸ்பேசர்கள் 0.04 வரை இறங்கும். எங்கள் ஜன்னல் நான்கு அடி அகலம், நாலரை அடி உயரம், இரண்டு ஷட்டர், அதாவது திறந்து மூடும் இரண்டு கண்ணாடிக் கதவுகள். இரண்டு ஷட்டரின் கண்ணாடிச் சுற்றளவையும் சேர்த்தால் ஆறரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. விற்பவருக்குச் சாதகமாகவே 0.08-க்கும் 0.04-க்கும் உள்ள முழு வித்தியாசத்தையும் எடுத்துக்கொண்டு, வெளியே 36 டிகிரி, உள்ளே 24 டிகிரி என்று வைத்தால், ஸ்பேசரை மாற்றியதால் மிச்சமாகும் வெப்பம் 3 வாட். மூன்று பங்கு வெப்பத்தை வெளியேற்ற ஏசி ஏறத்தாழ ஒரு பங்கு மின்சாரம் எடுக்கிறது என்பதால், மின்சாரத்தில் அது 1 வாட். இரவுக்கு எட்டு மணி நேரம் ஓடினால், மின்வாரியத்தின் இரண்டு மாதக் கணக்கில் அரை யூனிட். வீடுகளுக்கு முதல் நூறு யூனிட்டை இலவசமாகத் தரும் மாநிலத்தில் அந்த அரை யூனிட்டை யாரும் தேடிக் கண்டுபிடிக்கப் போவதில்லை.

இந்த அரை யூனிட்டும் தாராளமான கணக்கு. நம் பக்கத்து வீடுகளில் ஏசி ஓடுவது பெரும்பாலும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு விடியும் வரைதான். அப்போது வெளியே 28, 29 டிகிரி இருந்தால், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் நான்கைந்து டிகிரியைத் தாண்டாது. அந்த நேரத்தில் அறையைச் சூடேற்றுவது ஜன்னல் ஓரம் அல்ல, பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவில் கக்கும் மொட்டைமாடித் தளமும் மேற்குச் சுவரும்தான். குளிர் நாடுகளில் உள்ளே 20 டிகிரியும் வெளியே உறைநிலைக்குக் கீழும் இருக்கும்போது வித்தியாசம் 25, 30 டிகிரி ஆகிறது, இரவும் பகலும் மாதக்கணக்கில் நீடிக்கிறது. ஸ்பேசர் கம்பெனிகளின் கையேடுகள் அந்த நாடுகளுக்காக எழுதப்பட்டவை. ஜன்னல் முழுவதின் வெப்பக் கடத்தல் ஏழு சதவீதம் குறையும் என்று அவற்றில் போட்டிருப்பது பொய் அல்ல. எங்கள் ஜன்னலுக்குக் கணக்கிட்டாலும் சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 2.2 வாட் அளவிலிருந்து 2.0 அளவுக்கு இறங்குகிறது. ஆனால் நம் ஊர் ஜன்னலில் கடத்தலாக வரும் வெப்பமே சிறு பங்கு. மிகப் பெரிய பங்கு வெயிலாக வருகிறது.

மாலை வெயில் மேற்கு ஜன்னலில் சதுர மீட்டருக்கு 500 வாட் விழுவதாக வைத்துக்கொண்டால், பூச்சில்லாத இரட்டைக் கண்ணாடி அதில் ஏறத்தாழ 70 சதவீதத்தை உள்ளே விடுகிறது. வெயிலைத் தடுக்கும் லோ ஈ பூச்சுள்ள கண்ணாடி 30 சதவீத அளவில் நிறுத்திவிடும். எங்கள் ஜன்னலின் கண்ணாடிப் பரப்பு ஒரு சதுர மீட்டர்தான். அதிலேயே வித்தியாசம் 200 வாட் வருகிறது. ஸ்பேசர் தரும் 3 வாட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பும், நம்மைப் போன்ற வெப்பமும் ஈரமும் சேர்ந்த பகுதிகளுக்கான கணக்கில், ஜன்னலின் கடத்தலைவிட அது உள்ளே விடும் வெயிலுக்கே பன்மடங்கு எடை கொடுக்கிறது. ஆகவே கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் அது சன்ஷேடுக்கும் லோ ஈ கண்ணாடிக்கும் போகட்டும். ஜன்னலுக்கு வெளியே ஒரு கீற்றுத் தட்டியைத் தொங்கவிட்டாலும் ஸ்பேசரைவிடப் பலமடங்கு வெப்பம் குறையும். இதைச் சொன்னால் ஜன்னல் வியாபாரிக்கு முகம் வாடும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஸ்பேசரை நான் அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. காரணம் ஈரம். மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் ஓடி, சுற்றிலும் நாற்றங்காலும் நடவு வயலுமாக இருக்கும் மாதங்களில் எங்கள் பக்கத்துக் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும் என்று சொல்வது மிகை அல்ல. ஆவணி, புரட்டாசியில் மழை பெய்து ஓய்ந்த இரவில் வெளியே 28 டிகிரியும் 85 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் பனித்துளி படியும். ஏசி அறையின் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் அந்த அளவுக்கு எளிதில் குளிர்ந்துவிடுகிறது. விடியற்காலையில் வெளிப்பக்கம் முழுவதும் வியர்த்து நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். குளிர் நாடுகளில் ஜன்னலின் உட்பக்கம் வியர்க்கிறது, நமக்கு வெளிப்பக்கம். இரட்டைக் கண்ணாடி போட்டதும் வெளிக் கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டிலேயே இருப்பதால் நடுப்பகுதி வியர்ப்பது நின்றுவிட்டது. ஆனால் அலுமினிய ஸ்பேசர் உள்ள அறையில், ஏசியை 20-இல் வைத்துவிட்டு உறங்கிய இரவுகளின் விடியலில், வெளிக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்கு ஒரு ஈரக்கோடு நிற்கிறது. அந்தக் கோடு ஸ்பேசரைத் தொடர்ந்து போய், இரண்டு மூலைகளிலும் சற்று மேலேறி, அங்கே நின்றுவிடுகிறது. அடுத்த அறையின் பிளாஸ்டிக் ஸ்பேசர் ஜன்னலில் இந்தக் கோட்டை நான் பார்த்ததில்லை. வெப்பத்தைத் தூரத்திலிருந்தே அளக்கும் கைக்கருவியைப் பிடித்துப் பார்த்தபோதும், பகல் ஏசியில் இரண்டு ஜன்னல்களின் நடுப்பகுதியும் ஒரே சூட்டில் இருக்க, உட்பக்கத்துக் கீழ் ஓரத்தில் மட்டும் ஒரு டிகிரி அளவுக்கு வித்தியாசம் காட்டியது.

அந்த ஈரக்கோட்டால் மின்சாரம் வீணாவதில்லை. ஆனால் ஈரம் வழிந்து சட்டத்தின் பள்ளத்தில் இறங்கி, கண்ணாடியின் அடைப்பு இருக்கும் இடத்திலேயே தேங்குகிறது. தூசியும் சேர்ந்து கறுப்புப் பூஞ்சை படிகிறது. இங்குதான் ஸ்பேசரின் உண்மையான வேலை தொடங்குகிறது என்பது என் கருத்து. வெளிக்காற்றில் எப்போதும் நிறைய நீராவி இருக்கிறது, இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஏறத்தாழ ஒன்றும் இல்லை. அந்த நீராவி வருடம் முழுவதும் உள்ளே புக முயன்றுகொண்டே இருக்கும். அதோடு மேற்கு வெயிலில் நடுக்காற்று சூடாகி விரிவதும் இரவில் சுருங்குவதுமாக, கண்ணாடிகள் தினமும் சற்றே உப்பி ஒடுங்குகின்றன. வளைந்து கொடுக்காத உலோகப் பட்டையானால் அந்த இழுப்பு முழுவதையும் பியூட்டைலே தாங்க வேண்டும். நுரைப் பட்டையும் பிளாஸ்டிக்கும் ஓரளவு கூடவே நெகிழ்கின்றன.

எங்கள் அலுமினிய ஸ்பேசர் ஜன்னலில் ஒரு ஷட்டர் கண்ணாடிக்கு நடுவே பனி போல மூடிக்கொண்டது. துணியால் துடைக்க முடியாத பனி அது. காலையில் இருக்கும், வெயில் ஏறியதும் மறையும், பிறகு வெள்ளைத் திட்டாக நிலைத்துவிட்டது. செய்து கொடுத்த பட்டறைக்காரர் முதலில் "ஈரக் காத்துல அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். ஆள் வந்து பட்டி இழைக்கும் தகட்டால் கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்திருக்கும் பீடிங் பட்டையை நெம்பிக் கழற்றியதும் விஷயம் தெரிந்தது. சட்டத்தின் வடிகால் துளைகளைப் பெயின்டர் பட்டியால் அடைத்துவிட்டிருந்தார். கண்ணாடிக்கு அடியில் வைக்க வேண்டிய பிளாஸ்டிக் கட்டைகள் வைக்கப்படவில்லை. ஓரம் முழுவதும் தேங்கிய தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தது. ஸ்பேசரின் நான்கு மூலைகளிலும் குழாயை வெட்டிப் பிளாஸ்டிக் சொருகியால் இணைத்திருந்தார்கள். அந்த இணைப்புகளின் மேல் பியூட்டைலே இல்லை. மூலையை வெட்டாமல் இயந்திரத்தில் வளைத்துச் செய்த ஸ்பேசரில் இணைப்பு ஓரிடத்தில் மட்டும் வரும் என்பதால், அலுமினியமே வாங்குவதானாலும் வளைத்த மூலை கேட்டு வாங்குவது நல்லது. மாற்றிக் கொடுத்த கண்ணாடி அப்படி வளைத்ததுதான், இன்றுவரை தெளிவாக இருக்கிறது. ஆக, நன்றாகச் செய்த அலுமினியம் மோசமாகச் செய்த வாம் எட்ஜைவிட மேல்.

உள்ளே நிரப்பும் மணிகளையும் விசாரிக்க வேண்டும். 3 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) துளையுள்ள, மாலிக்யூலர் சீவ் எனப்படும் மணிகள் நீரை மட்டும் பிடிக்கும். 4 ஆங்ஸ்ட்ராம் மணிகள் காற்றிலுள்ள நைட்ரஜனையும் பிடித்து, சூடானதும் விட்டுவிடுவதால் கண்ணாடி உப்புவதும் ஒடுங்குவதும் அதிகமாகும். எந்த மணியானாலும், அதன் டப்பாவைத் திறந்தபடி நம் ஊர் ஐப்பசிக் காற்றில் போட்டு வைத்தால், ஜன்னலுக்குள் போகும் முன்பே அது தன் பசியைத் தீர்த்துக்கொண்டுவிடும். பட்டறைக்குப் போய்ப் பார்க்க வாய்ப்பிருந்தால் முதலில் அந்த டப்பாவின் மூடியைப் பாருங்கள். லோ ஈ பூச்சில் வெள்ளி இருப்பதால், ஸ்பேசர் ஒட்டும் ஓரத்தில் பூச்சைச் சுரண்டி எடுத்த பிறகே ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்திலிருந்து கறை அரித்துக்கொண்டு உள்ளே வரும்.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான். நாகப்பட்டினத்தில் என் சித்தப்பா சாதாரண அலுமினியச் சட்டத்தில், வெப்பத் தடுப்பு எதுவும் இல்லாத செக்ஷனில், விலை உயர்ந்த வாம் எட்ஜ் கண்ணாடியைப் பொருத்தியிருக்கிறார். சட்டமே வெப்பத்தை அள்ளி உள்ளே கொண்டு வரும்போது, அதை ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டை எதுவாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. முன்னே சொன்ன அட்டவணையிலும் இப்படிப்பட்ட சட்டத்துக்குச் சாதாரண ஸ்பேசருக்கு 0.05, மேம்பட்டதற்கு 0.04 என்று ஒரே ஒரு புள்ளிதான் இறங்குகிறது. வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கொல்லைக் கதவுக்கு இரட்டைத் தாழ்ப்பாள் போடுவது போன்றது அது. கடலோர உப்புக் காற்றுக்கு யுபிவிசி துருப்பிடிக்காமல் நிற்கும் என்பதால் அந்தப் பக்கம் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் உள்ளே எஃகு வலுவூட்டல் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், 2018-இல் கஜா புயலைக் கண்ட ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஷட்டரைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கும் ஆசையும் ஸ்பேசர் கணக்கில் வந்து சேர்கிறது. ஒரு மீட்டர் சதுரக் கண்ணாடியின் சுற்றளவு நான்கு மீட்டர். அதையே நான்கு கட்டமாக வெட்டினால் எட்டு மீட்டர். ஓரம் இரட்டிப்பாகிறது, ஒழுகக்கூடிய மூலைகள் நான்கிலிருந்து பதினாறு ஆகின்றன. பழைய வீட்டு மரக் கிராதியின் அழகு வேண்டுமென்றால் கண்ணாடிக்கு உட்பக்கம் தனியே கிராதி வைத்துக்கொள்ளலாம், கண்ணாடி ஒன்றாகவே இருக்கட்டும்.

காற்றைவிடக் குறைவாக வெப்பம் கடத்தும் ஆர்கான் வாயுவைக் கண்ணாடிகளுக்கு நடுவே நிரப்பித் தருவதாகச் சொல்வதற்கு நான் பணம் கொடுக்கவில்லை, கொடுக்கவும் சொல்ல மாட்டேன். நம் வெப்ப வித்தியாசத்துக்கு 12 மில்லிமீட்டர் காற்றே போதும். 6 மில்லிமீட்டர் இடைவெளியை மட்டும் தவிர்க்க வேண்டும்; ஸ்பேசர் குறுகினால் காற்றின் தடுப்பும் குறைகிறது.

விலையைப் பொறுத்தவரை, எனக்கு வந்த மதிப்பீடுகளில் அலுமினியத்துக்கும் பிளாஸ்டிக் ஸ்பேசருக்கும் உள்ள வித்தியாசம், சாதாரணக் கண்ணாடிக்கும் லோ ஈ கண்ணாடிக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு சிறு பங்குதான். லோ ஈ, நல்ல சட்டம், சன்ஷேடு மூன்றும் முடிந்து, அறையில் ஏசியும் தினமும் ஓடுவதானால், அந்தச் சிறு பங்கைக் கொடுத்து உலோகத்தாள் ஒட்டிய பிளாஸ்டிக் ஸ்பேசரையே வாங்கலாம். ஓரத்தில் ஈரம் படியாமல் இருப்பதற்கும் அடைப்பு நீடிப்பதற்கும் அது கொடுக்கத் தகுந்த விலை. ஏசி இல்லாத கூடத்துக்கும் மாடிப்படி ஜன்னலுக்கும் அது தேவையில்லை, உண்மையில் இரட்டைக் கண்ணாடியே தேவையில்லை. கண்ணாடி வந்து இறங்கியதும் பொருத்துவதற்கு முன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் நிறுத்தி, பியூட்டைல் கோடு எங்கும் அறுபடாமல் நான்கு மூலைகளையும் சுற்றி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, ஸ்பேசர் மேல் அச்சிட்டிருக்கும் தேதியைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; நடுவே பனி மூடிய நாளில் உத்தரவாதம் கேட்கப் போகும்போது அந்தப் படம்தான் பேசும்.